புது வண்டியும் நாலாவது கேள்வியும்

(ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



புது பைக் வாங்கினவனிடம் நம்ம பக்கத்தில் மூன்று கேள்விதான் கேட்பார்கள். பெரியவர்கள், "தம்பி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பார்கள். கூட்டாளிகள், "மாப்ள, டாப் ஸ்பீடு எவ்வளவுடா?" என்பார்கள். சொந்தக்காரர்கள், "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்பார்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கி முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி முடித்திருக்கிற எனக்கு இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆனால் யாருமே கேட்காத நாலாவது கேள்வி ஒன்று உண்டு. "பிரேக் பிடிச்சா எவ்வளவு தூரத்துல நிக்கும்?" என்பதுதான் அது. நம் வகுப்பில் படிக்கிற கணக்கை வைத்தே இந்த நாலுக்கும் விடை காண முடியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு வருடம் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, நேரடி இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ சேர்ந்தவன். அந்தச் சேமிப்பில் முன்பணம் கட்டினேன். தவணையை சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணனும், சனி ஞாயிறு லேத் பட்டறைக்குப் போகும் நானும் பகிர்ந்துகொள்கிறோம்.

வண்டி வந்த வழி

பெயர் இங்கிலாந்துப் பெயர் என்றாலும் வண்டி நம்ம தமிழ்நாட்டு வண்டிதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் 350 உருவானது. பிற்பாடு தாய்க் கம்பெனி அங்கே மூடப்பட்டது. பிள்ளை மட்டும் இங்கே நின்று பிழைத்துக்கொண்டது! 1994-ல் அது ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன. டிப்ளமோ முடித்ததும் நம் ஆட்கள் வேலை தேடி பஸ் ஏறுகிற அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்தான் இது.

250 சி.சி.யிலிருந்து 750 சி.சி. வரை உள்ளவற்றை நடுத்தர வண்டிகள் என்கிறார்கள். நம்ம ஊர்த் தெருவில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் ஸ்பிளெண்டரும் 100 சி.சி.யை ஒட்டியவை. அவற்றை ஓட்டிப் பழகின கைக்கு 350 என்பது வேறு உலகம்.

349 எப்படி வந்தது?

பேருக்கு 350 என்றாலும் கணக்குப்படி 349 சி.சி. சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 85.8 மி.மீ. விட்டத்தை சென்டிமீட்டராக்கி வர்க்கப்படுத்தி, 0.785-ஆல் பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் பெருக்குங்கள். 7.2 பெருக்கல் 7.2 பெருக்கல் 0.785 பெருக்கல் 8.58 என்றால் 349 கன சென்டிமீட்டர் வரும். பழைய புல்லட்டில் விட்டம் 70, ஸ்ட்ரோக் 90. அதைப் போட்டுப் பார்த்தால் 346 வரும்.

இந்த 350 என்ற கோட்டுக்குப் பண மதிப்பும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம்! மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் தொகையும் 350-ஐத் தாண்டினால் ஒரேயடியாக ஏறும். ஒரு சி.சி. வித்தியாசத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

முதல் உணர்வு: கனம்

ஷோரூமில் ஸ்டாண்டிலிருந்து எடுத்த உடனே தெரிவது கனம்தான். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்து 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோ. என் எடை 65 கிலோ என்று வைத்தால், நான் ஏறி உட்கார்ந்த பிறகு மொத்தம் 260 கிலோ.

நேராக ஓடும்போது இந்தக் கனம் சுகமாக இருக்கிறது. நம்ம கரிசல்காட்டு ரோட்டில் மத்தியானக் காற்று பக்கவாட்டில் அடித்தாலும், எதிரே லாரி விர்ரென்று போனாலும் வண்டி அலைவதில்லை. ஆனால் மெதுவாகப் போகும்போதுதான் சோதனை. சந்துக்குள் திருப்பும்போதும், சரளைக்கல்லில் கால் ஊன்றும்போதும் கவனம் வேண்டும். சீட் உயரம் 805 மி.மீ. ஆகையால் நடுத்தர உயரக்காரருக்கும் கால் எட்டும். ஆனால் வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் காலால் மட்டும் தாங்க முடியாது. அதனால் நிற்கும்போது ஹேண்டில்பாரை நேராக வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று பஞ்சர். நான் எடுத்தது ஸ்போக் சக்கரம் உள்ள மாடல். அதில் டியூப் டயர்தான் வரும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். வெம்பக்கோட்டைக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவே வெயிலில் 195 கிலோவை உருட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள்! அலாய் சக்கரமா, ஸ்போக் சக்கரமா என்று யோசிப்பவர்கள் தங்கள் ஊரில் பஞ்சர் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றும் யோசிக்கவும்.

இரண்டாவது உணர்வு: இழுவை

காலையில் பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களும், பிறகு மினிபஸ்களும் நம்ம ரோட்டில் வரிசையாகப் போகும். அவற்றின் பின்னால் மெதுவாகப் போய், இடம் கிடைத்ததும் முந்த வேண்டும். 100 சி.சி. வண்டியில் இதற்கு இரண்டு கியர் குறைத்து, இன்ஜினை அலறவிட வேண்டும். இதில் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் போதும், வண்டி அமைதியாக முன்னே போகிறது.

காரணம் டார்க், அதாவது முறுக்குவிசை. இந்த இன்ஜின் 4000 ஆர்.பி.எம்.மில் 27 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. ஸ்பிளெண்டர் சுமார் 8 கொடுக்கும். ஆளோடு சேர்ந்த எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. இழுவையோ மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. கியர் விகிதத்தைத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், கிலோவுக்குக் கிடைக்கும் இழுவை இரண்டு மடங்குக்கு மேல்.

பவர் என்பது டார்க்கையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 4000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 419 ரேடியன். 27-ஐ 419-ஆல் பெருக்கினால் 11,300 வாட், அதாவது சுமார் 15 பி.எச்.பி. கம்பெனி சொல்லும் உச்ச பவர் 20.2 பி.எச்.பி. அது 6100 ஆர்.பி.எம்.மில் வருகிறது. அங்கே டார்க் எவ்வளவு என்று திருப்பிக் கணக்குப் போட்டால் 23.6 நியூட்டன் மீட்டர்தான் வரும். அதாவது மேலே போகப் போக இழுவை குறைகிறது, சுற்று மட்டும் கூடுகிறது. இந்த வண்டியின் ருசி நடுவிலே இருக்கிறது, உச்சியில் இல்லை.

ஏன் இதை இன்னும் வேகமாகச் சுற்றவிடவில்லை? நீளமான ஸ்ட்ரோக்தான் தடை. ஒரு சுற்றில் பிஸ்டன் 85.8 மி.மீ. மேலே போய், அதே அளவு கீழே வர வேண்டும். 6100 ஆர்.பி.எம்.மில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 17.4 மீட்டர். இதையே 10,000 சுற்றுக்கு ஓட்டினால் 28.6 மீட்டர் ஆகிவிடும். தினசரி ஓட்டும் ரோடு வண்டியின் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அதைத் தாங்கி வருடக்கணக்கில் உழைக்காது. ஆகவே 'டாப் ஸ்பீடு' கேட்கிற கூட்டாளிகளுக்கு என் பதில்: இது அதுக்கான வண்டி இல்லை மாப்ள.

புஸ்வாணமும் வெடியும்

இன்ஜினுக்குள் பெட்ரோல் 'வெடிக்கிறது' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பட்டாசு ஊர்க்காரர்கள் நாம் அப்படிச் சொல்லலாமா? புஸ்வாணம் எரிகிறது, வெடி வெடிக்கிறது. உள்ளே இருக்கிற மருந்தும் அதை அடைத்திருக்கும் விதமும் சேர்ந்துதான் எது எரியும், எது வெடிக்கும் என்று தீர்மானிக்கின்றன. நல்ல இன்ஜின் புஸ்வாணம் மாதிரி. ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ சிலிண்டருக்குள் பரவி, அழுத்தம் படிப்படியாக ஏறி, பிஸ்டனைத் தள்ளுகிறது. தீ போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் அதுதான் வெடி. 'டொக் டொக்' என்று கேட்கும் அந்த நாக்கிங், பிஸ்டனை நாளடைவில் அரித்துவிடும்.

இன்னொரு வித்தியாசம். பட்டாசு மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு மாதிரியான பொருளில் கூடவே வைத்திருக்கிறது. பெட்ரோல் அதைக் காற்றிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காற்று. இந்த அளவை முன்பு கார்பரேட்டர் பார்த்துக்கொண்டது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புது வண்டிகளில் சென்சார் பார்த்துச் சொல்ல, இன்ஜெக்டர் அளந்து பீய்ச்சுகிறது.

மூன்றாவது உணர்வு: அதிர்வு குறைந்தது

பழைய புல்லட் ஓட்டின அண்ணாச்சி ஒருவர் என் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா புல்லட்டுன்னா கை மரத்துப் போகணும்லா?" என்றார். கிக்கரைத் தேடிப் பார்த்து, இல்லை என்றதும் அவருக்கு இன்னும் வருத்தம்! செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான்.

ஒற்றை சிலிண்டர் வண்டியில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதன் எடை வண்டியையே உலுக்கும். இதை அடக்க, 2020-ல் மீட்டியார் 350-ல் வந்து 2021-ல் கிளாசிக்குக்கும் வந்த புது இன்ஜினில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அதே வேகத்தில், எதிர்த் திசையில், ஒரு பக்கம் கனமான தண்டு ஒன்று சுற்றும். பிஸ்டன் மேலே இழுக்கும்போது இது கீழே இழுக்கும். பக்கவாட்டில் வரும் விசையை கிராங்கின் எதிர் எடையும் இதுவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 'டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ்' பாடத்தில் பாலன்சிங் எதற்கு என்று கேட்டவர்கள் இந்த வண்டியின் கண்ணாடியைப் பார்க்கவும். பின்னால் வரும் லாரியின் நம்பர் தெளிவாகத் தெரிகிறது.

'டுப் டுப்' சத்தம் அப்படியே இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல். நிமிடத்துக்கு 1000 சுற்றில் நின்றபடி ஓடினால் வினாடிக்கு எட்டு துடிப்பு. எண்ணிவிடலாம் போலிருக்கும். அதை இன்னும் சத்தமாக்க சைலன்சரை மாற்றுவது சட்டப்படியும் தப்பு, கைக்குழந்தை தூங்கும் பக்கத்து வீட்டுக்கும் தொல்லை.

நாலாவது கேள்வி: எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். முன்னால் 300 மி.மீ., பின்னால் 270 மி.மீ. டிஸ்க் பிரேக். இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உண்டு. பிடித்துப் பார்த்தால் நம்பிக்கையாக இருக்கிறது. ஆனால் நம்பிக்கை வேறு, கணக்கு வேறு.

உராய்வு என்றால் என்ன என்று நம்ம ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீக்குச்சி பற்றுவதும் உராய்வில். மருந்து அறையில் உயிர் போவதும் பல நேரம் உராய்வில்தான். ரோட்டில் மட்டும் அதே உராய்வுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை டிஸ்க்கும் பேடும் உரசி வெப்பமாக்குகின்றன. டயரும் தாரும் ஒட்டிப் பிடிப்பதால் வண்டி நிற்கிறது.

நல்ல காய்ந்த தார் ரோட்டில், சாதாரணமாக ஓட்டுகிறவர் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டைப் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியும் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

40 கி.மீ. வேகத்தில்: யோசிக்கும் தூரம் 11 மீட்டர், பிரேக் தூரம் 10 மீட்டர், மொத்தம் 21 மீட்டர்.

60 கி.மீ. வேகத்தில்: 17-ம் 23-ம் சேர்ந்து 40 மீட்டர்.

80 கி.மீ. வேகத்தில்: 22-ம் 41-ம் சேர்ந்து 63 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு ஆவதைக் கவனியுங்கள். அரை எம்.வி. ஸ்கொயரில் வர்க்கம் இருப்பது வேகத்துக்கு மட்டும்தான். 260 கிலோ 40-ல் போனால் 16 கிலோஜூல், 80-ல் போனால் 64 கிலோஜூல்.

இப்போது மழைக்காலத்துக்கு வாருங்கள். காட்டிலிருந்து ஏறும் டிராக்டர் சக்கரம் கரிசல் மண்ணை ரோட்டில் அப்பிவிட்டுப் போகும். அதன் மேல் தூறல் விழுந்தால் சோப்புத்தான். பிடிப்பு பாதியாகி, வேகம் குறைகிற வீதம் 3 ஆகிவிட்டால், 60-ல் வந்தாலும் நிற்க 63 மீட்டர் வேண்டும். அதாவது ஈர ரோட்டில் 60, காய்ந்த ரோட்டில் 80-க்குச் சமம்!

"அதான் ஏ.பி.எஸ். இருக்கே" என்பார்கள். ஏ.பி.எஸ். பிடிப்பை உண்டாக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்ளும். அதனால் பிரேக் பிடித்தபடியே வண்டியை விலக்கித் திருப்ப முடியும். பெரிய உதவிதான். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயமானது நல்ல காரியம். ஆனால் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொரு தவறான நம்பிக்கை, "முன் பிரேக் புடிச்சா தூக்கி எறிஞ்சிரும்" என்பது. கணக்குப் போடுவோம். இரண்டு அச்சுக்கும் இடையே தூரம் 1.39 மீட்டர். ஆளோடு சேர்ந்த எடையின் மையம் 65 செ.மீ. உயரத்தில், இரண்டு சக்கரத்துக்கும் சம பாரம் என்று வைப்போம். மேலே சொன்ன பிரேக்கில் மொத்த எடையில் சுமார் 28 சதவீதம் பின்னாலிருந்து முன்னால் ஓடிவிடும். முன் சக்கரத்தில் 78, பின் சக்கரத்தில் 22. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடிப்பு. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர் கையில் இருப்பதில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இல்லாமல் அழுத்திக்கொண்டே போக வேண்டும். நான் ஆள் இல்லாத ரோட்டில், காலை வேளையில், குறைந்த வேகத்தில் இதைப் பத்துப் பதினைந்து முறை பழகிய பிறகுதான் அம்மாவைப் பின்னால் ஏற்றினேன்.

மைலேஜும் தவணையும்

டேங்க் 13 லிட்டர். நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பதுதான் சரியான முறை. எனக்கு 34-லிருந்து 35-க்குள் வருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். தினமும் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் கல்லூரிக்கு ஓட்டினால் 3000 ரூபாய். ஆகவே கல்லூரிக்கு நான் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறேன்! வண்டி, அம்மாவைச் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், வீட்டு வேலைக்கும்.

விலைக்கு மேலே ஆயுள் வரி இருக்கிறது. லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் அது 12 சதவீதம் ஆனது. ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் கட்டாயம். எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும்.

கடன் வாங்குகிறவர்கள் ஒரு வார்த்தையைக் கவனிக்கவும். ஒன்றரை லட்சம், 10 சதவீதம், 36 மாதம் என்று வைப்போம். குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி என்றால் மாதம் சுமார் 4,840 ரூபாய். 'ஃபிளாட் ரேட்' என்றால், அடைத்த பணத்துக்கும் சேர்த்தே வட்டி ஓடும். மாதம் 5,417 ரூபாய். பேருக்கு அதே 10 சதவீதம், நிஜத்தில் சுமார் 18! மூன்று வருடத்தில் வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல். கையெழுத்துப் போடும் முன், "ஃபிளாட்டா, ரெடியூசிங்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நம்ம வட்டாரத்துக்கு இது இன்னும் முக்கியம். பட்டாசு, தீப்பெட்டி வேலையில் மழை பெய்தால் காயப்போட முடியாது, கூலி நின்றுவிடும். 2018 தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை. கூலி நிற்கும், தவணை நிற்காது.

பதினெட்டு ஆகாத தம்பிகளுக்கு

பத்தாம் வகுப்பு முடித்து நேராக வந்த முதலாண்டுத் தம்பிகளுக்குப் பெரும்பாலும் வயது பதினாறுதான். கியர் வண்டி லைசென்ஸுக்குப் பதினெட்டு நிரம்ப வேண்டும். 2019 திருத்தச் சட்டப்படி, வயது வராதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். ஓட்டினவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "அண்ணே, ஒரு ரவுண்டு" என்று கேட்ட தம்பிகளுக்கெல்லாம் நான் சாவி தராத காரணம் இதுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் விழுகிற நேரத்தில் தலையில் இருக்காது.

முடிவாக...

ஆயிரம் கிலோமீட்டரில் என் கருத்து இதுதான். 350 சி.சி. வண்டி நிதானமாகப் போகிறவருக்கு நல்ல துணை. இரண்டு பேர் உட்கார்ந்தாலும் திணறாமல், கை மரக்காமல், ரோட்டில் அலையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேகத்துக்காக வாங்குகிறவருக்கு ஏமாற்றம் கொடுக்கும். மாத வருமானம் உறுதியில்லாத வீட்டுக்குப் பாரமாகும்.

நண்பர்களே, வண்டியின் விவரத் தாளில் நமக்குப் புரியாத எண் ஒன்றுகூட இல்லை. விட்டமும் ஸ்ட்ரோக்கும் டார்க்கும் எல்லாம் நம் செமஸ்டர் பேப்பரில் வருபவைதான். வாங்கும் முன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாங்கிய பின், ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த 21, 40, 63 என்ற மூன்று எண்ணை நினைவில் வையுங்கள். முன்னால் போகும் வேனுக்குள் நம் அம்மாக்களும் அக்காக்களும்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த வேனுக்கும் நமக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கட்டும்.